ஆரஞ்சுத் தோல் புற்றுநோய்க்கு மருந்தாகுமா?

கேள்வி: ஆரஞ்சுத் தோலில் உள்ள ஒரு பொருள் மனிதப் புற்றுநோய்ச் செல்களை அழிப்பதாகப் படித்தேன். மார்பகப் புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வரும் என் அக்காவுக்கு அந்தத் தோலைப் பொடியாக்கிக் கொடுக்கலாமா?

பதில்: மருந்தாக எண்ணிக் கொடுக்க வேண்டாம். நீங்கள் படித்தது பெரும்பாலும் லிமோனீனைப் பற்றியதாக இருக்கும். ஆரஞ்சுத் தோலைக் கீறியதும் எழும் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் இருப்பது இதுதான். ஆய்வகத் தட்டில் வளரும் புற்றுநோய்ச் செல்கள்மேல் இதைப் போதிய அடர்த்தியில் விட்டால் அவற்றின் பெருக்கம் குறைகிறது என்பதும், சில வகைச் செல்கள் மடிந்தே போகின்றன என்பதும் உண்மை. ஆனால் தட்டில் உள்ள செல்லை அது நேராகச் சென்றடைகிறது. உடலிலோ, விழுங்கியது குடலைக் கடந்து, கல்லீரலில் வேறு பொருள்களாக மாறி, இரத்தத்தில் நீர்த்த பிறகே கட்டியை எட்ட வேண்டும்.

எட்டுகிறதா என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் மனிதரிடமே பார்த்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில், மார்பக அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த 43 பெண்கள் நாளுக்கு 2 கிராம் லிமோனீனை 2 முதல் 6 வாரங்கள் உட்கொண்டனர். கொழுப்பில் கரையும் பொருளாதலால் அது மார்பகத் திசுவில் நன்றாகவே சேர்ந்திருந்தது. செல் பிரிவதைத் தூண்டும் சைக்ளின் டி1 என்ற புரதமும் கட்டியில் 22 சதவீதம் குறைந்திருந்தது. இது எனக்கு நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும் செல் பெருக்கத்தின் நேரடி அளவுகோலான கேஐ67 குறிப்பிடும்படி மாறவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க லிமோனீன் உட்கொள்ளாத குழுவும் அந்த ஆய்வில் இல்லை.

உங்கள் அக்காவின் நிலையில் என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று. டாஞ்செரிட்டின் என்பதும் ஆரஞ்சு இனத் தோலில் உள்ள பொருளே. தட்டில் அது மார்பகப் புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியைத் தடுத்தது. ஆனால் அதே செல்களால் கட்டி உண்டாக்கப்பட்ட எலிகளுக்குக் குடிநீரில் கலந்து கொடுத்தபோது, மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்படும் டாமாக்ஸிஃபென் மருந்தின் பலனையே அது இல்லாமலாக்கியது என்று 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. எலியில் கண்டது மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அக்கா சாப்பிடுவது டாமாக்ஸிஃபெனாக இருந்தால், தோல்பொடியையும் தோல்சாறு மாத்திரைகளையும் தவிர்ப்பதே பாதுகாப்பு.

ஆரஞ்சுச் சுளைகளை வழக்கமான உணவாகச் சாப்பிடுவது வேறு விஷயம். அதற்குப் பொதுவாகத் தடையில்லை. கிரேப்ஃபுரூட்டும் பம்பளிமாஸும் மட்டும் குடலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதியை முடக்கி, சில மருந்துகளின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடக்கூடும் என்பதால், அவற்றைக் கொடுக்குமுன் மாத்திரைச் சீட்டைக் காட்டி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.