கோர்ட்டுக்குப் போகும் முன்: வேலூர்ப் பக்கக் கேள்விகள் சில

கம்மவான்பேட்டை: வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். அவர் இருப்பது வடக்கே. கேஸை எங்கே போடுவது சார்?

வேலூரிலேயே போடலாம் அம்மா. ஜீவனாம்சத்துக்கு மனைவி குடியிருக்கும் ஊரே போதும். ஜீவனாம்சம் கேட்கும் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-தான், 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 144 ஆகியிருக்கிறது. மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் "பெரியவங்க பேசட்டும்" என்று காத்திருக்கிற ஒவ்வொரு மாதமும் உங்களுக்குத்தான் நஷ்டம். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், மனு ஒரு பக்கம் இருக்கட்டும். இருவருமே வரவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். அப்புறம், மனைவி மக்கள் பராமரிப்புக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய ராணுவச் சட்டத்திலேயே வழி உண்டு. கல்யாணப் பத்திரிகை, ஆதார், பாஸ்புக் நகல்களோடு அவர் யூனிட்டுக்கும் எழுதிப் போடுங்கள்.

அணைக்கட்டு: ஊர் பஞ்சாயத்தில் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு அத்துக்கொண்டோம். மறுமணம் செய்யலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. சாதி வழக்கப்படியான விவாகரத்தை இந்து திருமணச் சட்டம் ஒதுக்கவில்லைதான். ஆனால் அப்படி ஒரு வழக்கம் காலங்காலமாக உண்டென்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். வெறும் பத்திரம் நிற்காது. இரண்டாவது கல்யாணம் செல்லாமல் போவதோடு இருதார வழக்கும் வரும். இருவரும் ஒத்துக்கொண்டாயிற்றே, ஓராண்டு பிரிந்திருந்தால் அதே சட்டத்தின் 13பி பிரிவில், சம்மத விவாகரத்துக்குக் கூட்டு மனு போடுங்கள். மனு போட்ட பின் வரும் ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம், உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பு.

ஆம்பூர்: நாங்கள் முஸ்லிம். ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். சம்பளம் வாங்குபவளுக்கு ஜீவனாம்சம் கிடையாதாமே?

யார் சொன்னது? சம்பளம் வாங்குவதாலேயே உரிமை போகாது; அது போதுமா என்றுதான் பார்ப்பார்கள். தலாக் ஆன முஸ்லிம் பெண்ணும் 125-இல் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. பிள்ளைகளுக்குத் தனியாகக் கேளுங்கள்.

காட்பாடி: வக்கீல் பீஸுக்கு வழியில்லை.

பெண்ணென்றால் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவி எண் 15100-க்குப் போன் போடுங்கள்.

குடியாத்தம்: மகனுக்கு 4 வயது. அம்மாவிடம் இருக்கிறான், பார்க்க விடுவதில்லை. பணத்தை நிறுத்தட்டுமா?

நிறுத்தாதீர்கள். பார்க்க விடாதது வேறு, பராமரிப்பு வேறு. ஐந்து வயது வரை பெரும்பாலும் தாயிடம்தான் விடுவார்கள். அதற்கப்புறமும் பிள்ளையின் நலன்தான் கணக்கு, சம்பளச் சீட்டு அல்ல. பார்க்கும் உரிமை கேட்டு மனு போடுங்கள். கிழமை, நேரம், இடம், பண்டிகை நாள், போனில் பேசும் நேரம் எல்லாம் உத்தரவிலேயே வரும்படி கேளுங்கள். "அவ்வப்போது பார்க்கலாம்" என்று மொட்டையாக இருந்தால் மறுபடியும் வாசலில்தான் சண்டை.