நோட்டில் தமிழ் இருக்கிறது, பேச ஆள் இல்லை

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 32. சொந்த ஊர் பல்லடத்துக்குப் பக்கம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 8 வருடம் தையல் மெஷின் மெக்கானிக்காக இருந்தேன். கடன் ஏறிப்போனதால் ஏஜெண்ட் மூலம் மொரிசியஸுக்கு, ஒரு ஆடைத் தொழிற்சாலைக்கு வந்தேன். 3 வருட ஒப்பந்தத்தில் 14 மாதம் முடிந்திருக்கிறது. சம்பளம் சொன்னபடி வருகிறது. வேலையும் பழகிய வேலைதான். ஓவர்லாக் மெஷின் எந்த நாட்டிலும் ஓவர்லாக் மெஷின்தானே.

அறையில் 4 பேர் இருக்கிறோம். இரண்டு பேர் வங்கதேசம், ஒருவர் ஆந்திரா. நல்ல மனிதர்கள். ஆனாலும் "ஏனுங்க" என்று ஆரம்பித்து ஒருவரிடம் நேரில் பேசி மாதக்கணக்காகிறது. கோயிலுக்குப் போனால் தமிழ் பேச ஆள் கிடைக்கும் என்று நினைத்தேன். தைப்பூசத்துக்கு இங்கே அரசு விடுமுறை. போனேன். காவடி, பால்குடம், வேல் எல்லாம் ஊரில் பார்த்ததுபோலவே இருந்தன. முகங்கள்கூட எங்கள் தெரு முகங்கள். பக்கத்தில் நின்ற பெரியவரிடம் தமிழில் பேசினேன். அவர் சிரித்தபடி, இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் ஏதோ சொல்லித் தோளில் தட்டினார். அன்றைக்கு ராத்திரி அழுத மாதிரி நான் எப்போதும் அழுததில்லை. இந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் அச்சடித்திருக்கிறார்கள், பேச ஆள் இல்லை.

தினமும் ராத்திரி 8 மணிக்கு வீட்டுக்கு வீடியோ கால் போடுவேன். அம்மா "சாமி, என்ன சாப்பிட்டே?" என்பார். கோழிக் குழம்பு என்பேன். பாதி நாள் பன்னும் டீயும்தான். மகளுக்கு 3 வயது ஆகப் போகிறது. முன்பு ஓடி வருவாள், இப்போது போனைத் தள்ளிவிட்டு அழுகிறாள். யாராவது "அப்பா எங்கே?" என்று கேட்டால் போனைக் காட்டுகிறாளாம். மனைவி சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

போன மாதம் அம்மா கையில் கட்டு தெரிந்தது. டக்கென்று கேமராவைத் திருப்பிவிட்டார்கள். "சும்மா சுளுக்குங்க" என்றாள் மனைவி. ஒரு வாரம் கழித்துச் சித்தப்பா மகன் சொல்லித்தான் எலும்பில் விரிசல் என்று தெரிந்தது. அதிலிருந்து தூக்கமே சரியில்லை.

ஊரில் இருக்கும் நண்பனிடம் லேசாகச் சொன்னேன். "அந்தக் காலத்தில் கப்பலில் போனவர்கள் ஊரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. உனக்கு தினமும் வீடியோ, அப்புறம் என்ன?" என்றான். அவன் சொல்வதும் சரிதானே? இப்படி அழுவது ஏதாவது வியாதியா? ஒப்பந்தத்தை விட்டுவிட்டுப் போய்விடலாமா?

பெயர் வேண்டாம்,
பீனிக்ஸ் பக்கத்திலிருந்து ஒரு தம்பி

—

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பர் சொன்னதை முதலில் ஓரமாக வைப்போம். 1834-இல் தொடங்கி நாலரை லட்சம் பேருக்கும் மேல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் தீவில் இறங்கினார்கள். போர்ட் லூயிஸில் ஆப்பிரவாசி காட் என்ற இடத்தில் அவர்கள் ஏறிவந்த 16 படிகள் இன்னும் இருக்கின்றன. ஒருநாள் போய்ப் பாருங்கள். ஆனால் அவர்கள் பட்ட பாட்டைத் தராசில் வைத்து உங்கள் பாட்டை யாரும் எடைபோட வேண்டாம். பல்வலிக்காரனிடம் பக்கத்துப் படுக்கைக்காரனுக்குக் கால் போய்விட்டது என்று சொன்னால் பல்வலி நிற்குமா?

வியாதியா என்று கேட்டீர்கள். 1688-இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர் அப்படித்தான் நினைத்தார். ஊர் நினைப்பில் வாடியவர்களைப் பற்றி ஆய்வேடு எழுதி, அதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று ஒரு பெயரும் வைத்தார். இன்று அதை நோய் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒன்று: தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இவை பெரும்பாலான நாட்களில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன என்று ஒரு நொடி தோன்றினாலும் அன்றைக்கே பாருங்கள், அறையில் இருப்பவரையும் எழுப்புங்கள். அதற்கு மொழி தடையில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அம்மாவின் கைக்கட்டு. அவர்கள் மறைத்தது உங்களுக்கு வலிக்கிறது. சரி, அந்தக் கோழிக் குழம்பு? நீங்கள் இங்கே தட்டைத் திருப்புகிறீர்கள், அவர்கள் அங்கே கேமராவைத் திருப்புகிறார்கள். இரண்டு பக்கமும் அன்பினால் செய்வதுதான். ஆனால் தினமும் உங்கள் அம்மா பேசுவது கோழிக் குழம்பு சாப்பிடும் மகனோடு. பன்னும் டீயுமாக உட்கார்ந்திருப்பவனோடு யாருமே பேசவில்லை. தினமும் பேசியும் ஆறுதல் கிடைக்காததற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் கொட்ட வேண்டாம், பயந்துவிடுவார்கள். மனைவியிடம் மட்டும் முதலில் ஒரு சின்ன உண்மையைச் சொல்லுங்கள். "இன்றைக்குச் சமைக்கவே தோன்றவில்லை" என்றால் போதும். அவரும் ஏதாவது சொல்வார். ஆஸ்பத்திரிக்கு அம்மாவை எப்படிக் கூட்டிப்போனார், குழந்தையை யாரிடம் விட்டார் என்று கேளுங்கள். "ஏன் மறைத்தாய்?" என்பதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

மகள் விஷயத்தில் ஒரு கணக்கைத் தவறவிட்டிருக்கிறீர்கள். இங்கே 8 மணி என்றால் பல்லடத்தில் ஒன்பதரை. அந்த நேரத்தில் தூக்கம் சொக்கும் குழந்தை முன்னால் யார் போனை நீட்டினாலும் தள்ளிவிடும். வேலைக்குக் கிளம்பும் முன், காலை 6 மணிக்குக் கூப்பிடுங்கள். அங்கே ஏழரை, பால் குடிக்கிற நேரம். இந்த வயதில் சில நிமிடத்துக்கு மேல் கேள்வி பதிலாகப் பேச வராது. "அப்பா மேல ஆசையா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். நீங்கள் பல் தேய்ப்பதைக் காட்டுங்கள், அவளும் தேய்க்கட்டும். ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே மழை, ஒருநாள் உங்கள் ஸ்க்ரூ டிரைவர். போனைக் காட்டி அப்பா என்கிறாள் என்றால், அப்பா இருக்கும் இடம் அவளுக்குத் தெரிகிறது. நான் அதற்கு உங்களைப்போல அழமாட்டேன்.

அந்தப் பெரியவருக்கு வருகிறேன். நான் மதுரையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து 22 வருடம் ஆகிறது. வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மா பெயர் மீனாட்சி என்று கேட்டதும் ஓடிப்போய்ப் பேசினேன். அவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. (மீனாட்சி என்று பெயர் வைத்துக்கொண்டு தமிழ் தெரியாதா என்று, மதுரைக்காரத் திமிர்!) மறுநாள் ஒரு கிண்ணத்தை நீட்டி "ரஸ்ஸோன்" என்றார். மோந்து பார்த்தால் ரசம். பூண்டு கொஞ்சம் தூக்கல். வீட்டில் பேச்சு கிரியோலுக்கு மாறி எத்தனையோ தலைமுறை ஆகியும் ரசம் மட்டும் அடுப்பிலேயே இருந்திருக்கிறது. அந்த அம்மாவிடம்தான் நான் கிரியோல் கற்றுக்கொண்டேன்.

உங்கள் பெரியவர் பேச்சு வராததால்தான் தோளில் தட்டினார். நீங்கள் அதை அழுகைக் கணக்கில் எழுதிவிட்டீர்கள். அடுத்த முறை அவரைப் பார்த்தால் "கி மான்யேர்?" என்று கேளுங்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று அர்த்தம். இங்கே பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ் பேச ஆள் இருப்பதில்லை. அதாவது உங்கள் நிலைமைதான். கோயிலில் தமிழ் வகுப்பு நடக்கிறதா என்று விசாரியுங்கள். கொங்குத் தமிழில் கதை சொல்ல ஒருவர் வந்து உட்கார்ந்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

போவதா இருப்பதா என்பதை நான் சொல்ல முடியாது. ராத்திரியில் மட்டும் அதை முடிவு செய்யாதீர்கள். கடன் எவ்வளவு பாக்கி, ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால் என்ன செலவு, எத்தனை மாதத்தில் அடையும் என்று ஒரு தாளில் எழுதி, பகலில் மனைவியோடு பேசுங்கள். அந்தத் தாளை அவர் இதுவரை பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு அவர் "வந்துடுங்க" என்றால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது, "இன்னும் 10 மாசம் பார்க்கலாம்" என்றாலும் அப்படியே.

அம்மாவின் கைக்கட்டை எப்போது அவிழ்க்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும், நிஜமாக.

அன்புடன்,
அக்கா