பதில்: அந்தியூர் சந்தைக்கு வண்டியேற மறுக்கும் குதிரை

முன்னால் நின்று கயிற்றை இழுப்பதை நிறுத்துங்கள். இழுக்க இழுக்கப் பின்னால்தான் சாயும். கயிறு லேசாக விறைக்கும்படி பிடித்து நில்லுங்கள். ஒரு குளம்பு முன்னே வந்த நொடியே தளர்த்திவிடுங்கள். அந்தத் தளர்வுதான் அதற்குக் கூலி, வெல்லமெல்லாம் அப்புறம்.

சாய்வுப் பலகையில் கால் வைத்ததும் பின்வாங்குகிறது என்றீர்கள். எனக்குப் பலகை மேல்தான் சந்தேகம்: தகரம் வழுக்கும், மிதித்தால் டமடமவென்று அதிரும். அதைத் தரையில் போட்டு, சாக்கு விரித்து நடத்திப் பாருங்கள். தயங்காமல் நடந்தால், பயம் அநேகமாக வண்டிக்குள் இருக்கும் இருட்டுக்கு. தார்ப்பாயைத் தூக்கிக் கட்டுங்கள்.

இரண்டு கால் ஏறியதும் நீங்களே இறக்கிவிடுங்கள், பலமுறை. சந்தை கூடும் ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறதே.

கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். பின்கதவை அடைக்கும்முன் தலையைக் கட்டாதீர்கள். முன்பு ஒழுங்காக ஏறிய குதிரை என்றால், கால் வலியா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் இதெல்லாம்.