ஆவிக்குரிய கேள்விகள்: அன்றாட வாழ்வில் தேவ பிரசன்னம்

கேள்வி: ஞாயிறு ஆராதனையில் பாடும்போது கர்த்தர் அருகில் இருப்பதாக உணர்கிறேன். வீடு திரும்பியதும் அந்த உணர்வு மறைந்துவிடுகிறது. விடியற்காலையில் சமையல், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டுவது, பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமியாரைக் குளிப்பாட்டுவது என்று ஓடி, பிறகு வேலைக்குப் பேருந்து பிடிக்கிறேன். மாமியாருக்குப் பேச வராது. உடம்பைத் துடைத்து முடித்ததும் சில நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார், அதனாலும் நேரமாகிவிடும். சபையில் மற்றவர்கள் "கர்த்தர் இன்று என்னோடு பேசினார்" என்று சாட்சி சொல்லும்போது, என் விசுவாசத்தில்தான் குறையோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: அன்புச் சகோதரிக்கு ஸ்தோத்திரம். உணர்வு வந்தால்தான் கர்த்தர் அருகில் இருக்கிறார் என்று வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. வேதத்தில் அவரைச் சந்தித்த பலர், சந்தித்த அந்த நேரத்தில் அதை அறியவே இல்லை. அண்ணனுக்குப் பயந்து ஓடி, வழியில் ஒரு கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்த யாக்கோபு, விழித்தெழுந்த பின்புதான் "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்" என்றான். எம்மாவுக்குப் போன சீஷர் இருவரும் உயிர்த்தெழுந்த ஆண்டவரோடு பேசிக்கொண்டே நடந்தும், அப்பம் பிட்கப்படும்வரை அவரை யாரோ வழிப்போக்கர் என்றே எண்ணினார்கள். வழியிலேயே தங்கள் இருதயம் கொழுந்துவிட்டு எரிந்தது என்பதும் அவர் மறைந்த பிறகுதான் அவர்கள் நினைவுக்கு வந்தது. ஆகவே அடுப்படியில் நிற்கும்போது ஒன்றும் உணரவில்லையே என்று கலங்க வேண்டாம். தேவ பிரசன்னத்தைப் பெரும்பாலும் நாம் திரும்பிப் பார்க்கும்போதுதான் அறிகிறோம்.

அந்தத் திரும்பிப் பார்த்தலைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார், நண்பகலிலும் இரவிலும் சற்று நேரம் அமர்ந்து கடந்த பொழுதை தேவனுக்கு முன்பாக நினைத்துப் பார்க்கும்படி தம் தோழர்களுக்குக் கற்பித்தார். முதலில் நன்றி சொல்வது. பின்பு தெளிவு தரும்படி கேட்டு, காலையிலிருந்து நடந்தவற்றை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, தவறியவற்றுக்கு மன்னிப்பும் அடுத்த நாளுக்குக் கிருபையும் கேட்பது. கத்தோலிக்க மரபில் வந்தது என்பதற்காக நம்மவர்கள் இதைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. உங்களுக்கு நண்பகலில் ஓய்வு இருக்காது; இரவில் விளக்கை அணைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் போதும்.

இப்போது உங்கள் கடிதத்தையே மறுபடியும் எடுத்து வாசியுங்கள். மாமியார் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பதை, வேலைக்கு நேரமாவதற்கான ஒரு காரணமாக மட்டும் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். பேச்சு வராத ஒருவர் தமக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வழியில் உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்றே நான் அதை வாசித்தேன். "மிகவும் சிறியவராகிய என் சகோதரரான இவர்களில் ஒருவனுக்கு" செய்ததைத் தமக்கே செய்ததாக ஆண்டவர் சொன்னதை நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். அவர் அதை அலங்காரப் பேச்சாகச் சொல்லவில்லை என்று நம்பினால், தினமும் காலையில் அந்தக் கட்டிலருகே நீங்கள் யாருக்குப் பணிவிடை செய்கிறீர்கள் என்பதும் விளங்கும். ஆராதனையில் பாடும்போது இருப்பதைவிட அங்கே நீங்கள் அவருக்கு இன்னும் அருகில் இருக்கிறீர்கள் என்றுகூட நான் சொல்வேன்.

பிரான்சில் லாரன்ஸ் என்ற துறவி ஒருவர் இருந்தார். போர்வீரராக இருந்து காலில் காயம்பட்டவர். பாரிஸ் நகரக் கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது, இயல்பாகவே அவருக்குப் பிடிக்காத சமையல் வேலை. பலரும் ஒரே நேரத்தில் இதைக் கொடு, அதைக் கொடு என்று கேட்கும் சமையலறைச் சத்தத்திலும், முழங்காலில் நிற்பதுபோலவே தாம் தேவனோடு அமைதியாக இருப்பதாக அவர் பிற்காலத்தில் சொன்னார். 1691-இல் மறைந்த அவரைப் பற்றிப் பிரசங்கங்களில் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த நிலைக்கு வருமுன் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தாம் மிகவும் வேதனைப்பட்டதாக அவரே எழுதியிருப்பதைப் பலரும் சொல்வதில்லை. உங்களுக்கும் காலம் பிடிக்கும்; அதற்காகப் பயப்படாதீர்கள்.

கேள்வி: பேருந்தில் இடம் கிடைத்தது, மழை நின்றது என எல்லாவற்றையும் தேவசெயல் என்று சாட்சி சொல்வது சரியா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: எதற்காகவும் நன்றி சொல்லலாம். ஆனால் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்தவரைக் கர்த்தர் மறந்துவிட்டார் என்று பொருள்படும்படி சாட்சி சொல்லக் கூடாது. சீலோவாமிலே கோபுரம் விழுந்து மாண்ட 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்ற கேள்விக்கு ஆண்டவர் இல்லை என்றே பதில் சொன்னார்.

கேள்வி: மகனை இழந்த பிறகு ஜெபம் வெறும் சத்தமாகத் தோன்றுகிறது. கர்த்தர் இருக்கிறார் என்பதற்கு ஓர் அடையாளமும் தெரியவில்லை. (ஒரு தகப்பன், திருநெல்வேலி)

பதில்: ஐயா, இந்த நேரத்தில் அடையாளம் தேடும்படி உங்களிடம் நான் சொல்லமாட்டேன். அன்னை தெரசா ஏறத்தாழ 50 ஆண்டுகள் தேவனுடைய அருகாமையை உணராத இருளில் தம் பணியைச் செய்தார் என்பது, அவர் மறைந்து பத்து ஆண்டுகளுக்குப் பின் 2007-இல் வெளிவந்த கடிதங்களால் தெரியவந்தது. 88-ஆம் சங்கீதமும் ஆறுதலான ஒரு சொல்லும் இல்லாமலேயே முடிகிறது. ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது. சொந்த வார்த்தை வராத நாட்களில் அதையே வாய்விட்டு வாசியுங்கள். வாசிக்கவும் முடியாவிட்டால், உங்கள் போதகரையோ நம்பிக்கையான ஒரு நண்பரையோ வீட்டுக்கு வரச்சொல்லி, அவர் வாசிக்க நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.