கேள்வி–பதில்: கல் பாலம் எப்படி நிற்கிறது?

கே: இங்கிலாந்துக் கிராமங்களில் உள்ள பழைய கல் பாலங்கள் கம்பியும் சிமென்ட்டும் இல்லாமல் எப்படி நிற்கின்றன?
(வாசகி, மயிலாப்பூர்)

ப: தன் எடையாலேயே நிற்கின்றன. வளைவில் உள்ள ஒவ்வொரு கல்லும் மேலே அகன்று கீழே குறுகிய ஆப்பு. பாரம் ஏற ஏறக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும். கட்டும்போது வளைந்த மரச் சாரத்தின் மேல் இரு பக்கமும் சமமாகக் கல் ஏற்றி, உச்சிக்கல்லை இறக்கி இறுக்கிய பிறகே சாரத்தைத் தளர்த்துவார்கள். ஒரு பக்கம் மட்டும் முந்தினால் சாரம் கோணிவிடும்.

இத்தனை கெட்டியான வளைவுக்கு ஆபத்து பெரும்பாலும் அடியிலிருந்துதான் வரும். வெள்ளம் தூணைச் சுற்றிச் சுழன்று அஸ்திவார மண்ணை அரித்துவிடும். நீர் வந்து மோதும் பக்கம் தூணைக் கூராகக் கட்டியிருப்பது அதற்காகத்தான். அதையும் மீறிப் போவதுண்டு: வடமேற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் பூலி பிரிட்ஜ் கிராமத்தின் 1764-ஆம் ஆண்டுக் கல் பாலம் 2015 டிசம்பர் வெள்ளத்தில் இடிந்தது. 2020-இல் அங்கே துருப்பிடிக்காத எஃகில் புதுப் பாலம் வந்தது.

கே: கல் சந்துகளில் காரை உதிர்ந்தால் சிமென்ட் வைத்து அடைக்கலாமா? எங்கள் பழைய வீட்டுச் சுவருக்கும் இதே சந்தேகம்.
(வாசகர், திருவல்லிக்கேணி)

ப: கூடவே கூடாது. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. ஈரம் கல் வழியாக வெளியேறப் பார்க்கும். இங்கிலாந்துக் குளிரில் அது உறைந்து விரியும்போது கல்லின் முகம் செதில் செதிலாகப் பெயரும். சென்னையில் உறைபனி கிடையாது. இங்கே அந்த வேலையை, ஈரம் காயும்போது கல்லுக்குள் படியும் உப்பு செய்துவிடும்.

சந்தின் அகலத்தைப் போல் இரு மடங்கு ஆழத்துக்கு, குறைந்தது 25 மி.மீ., பழைய காரையைக் கையால் சுரண்டி எடுங்கள். மெஷின் வைத்தால் கல்லின் விளிம்பு போய்விடும். தூசியை நீக்கி, நன்றாக நனைத்து, சுண்ணாம்பு 1 பங்குக்குக் கரட்டு மணல் 2.5 முதல் 3 பங்கு சேர்த்த காரையை அழுத்தித் திணியுங்கள். கல் முகத்தின் மேல் வழிய விடாதீர்கள். இங்கிலாந்தில் 5 டிகிரிக்குக் கீழே போனால் வேலையை நிறுத்துவார்கள். நம் ஊரில் எதிரி வெயில். ஈரச் சாக்கால் சில நாட்கள் மூடிவையுங்கள், இல்லாவிட்டால் காரை பொடியாகிவிடும்.

கே: சில பாலங்களில் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லையே?
(வாசகர், சைதாப்பேட்டை)

ப: அவை பொதிக் குதிரைகளுக்கான பாலங்கள். இருபுறமும் தொங்கும் மூட்டை இடிக்காமல் போக வேண்டும் என்றே சுவரைத் தாழ்த்தினார்கள், சிலவற்றில் சுவரே இல்லை. பெரும்பாலும் 6 அடிக்கும் குறைந்த அகலம். எதிரே இன்னொரு குதிரை வந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.