சாண்டி கோஃபாக்ஸ் 30 வயதில் ஏன் விலகினார்? - கேள்வி பதில்

பேஸ்பால் பிட்சர்களைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் பாதிப் பேர் கோஃபாக்ஸைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் டாட்ஜர்ஸ் அணியின் இடது கை பிட்சர், 1955 முதல் 1966 வரை ஆடியவர். சரி, அவரையே எடுத்துக்கொள்வோம்.

எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும் சார். பிட்சர் என்றால் பவுலர் மாதிரிதானே?

வேலை அதேதான், உடம்பு படும் பாடு வேறு. ஓடிவர முடியாது. மேட்டில் நின்றபடி 60 அடி 6 அங்குலத் தொலைவுக்குக் கையை மடக்கி எறிய வேண்டும். காலும் இடுப்பும் தரும் விசையெல்லாம் கடைசியில் முழங்கையில்தான் வந்து இறங்கும்.

முதல் ஆறு வருஷம் சுமார்தானாமே?

36 வெற்றி, 40 தோல்வி (பேஸ்பாலில் ஆட்டத்தின் முடிவைப் பிட்சர் பெயரிலும் எழுதுவார்கள்). சுமார் என்பதே தாராளம்! ஆனால் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அவருக்கு டாட்ஜர்ஸ் கொடுத்த ஒப்பந்த போனஸ் 14,000 டாலர். 4,000 டாலருக்கு மேல் போனஸ் வாங்கியவரை இரண்டு வருடம் பெரிய அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்று அப்போது விதி. கீழ்மட்ட லீகில் எறிந்து பழக வேண்டிய வயதில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். (அவருக்காக இடம் காலி செய்து கீழே அனுப்பப்பட்டவர் டாமி லசோர்டா. பின்னாளில் அதே அணியின் புகழ்பெற்ற மேனேஜர்.) வேகம் இருந்தது, பந்து எங்கே போகும் என்பதுதான் நிச்சயமில்லை. 1961-இல் ஒரு பயிற்சி ஆட்டத்தில் கேட்சர் (விக்கெட் கீப்பர் மாதிரி) நார்ம் ஷெர்ரி, இவ்வளவு முக்கி எறியாதே, கொஞ்சம் தளர்த்து என்றார். கேட்டார். பந்து சொன்ன இடத்துக்குப் போனது, வேகமும் பெரிதாகக் குறையவில்லை. அந்த வருடம் 18 வெற்றி, 269 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது).

அவருடைய சிறந்த ஆட்டம் எது அண்ணா?

1965 செப்டம்பர் 9, சிகாகோ கப்ஸுக்கு எதிரான பெர்ஃபெக்ட் கேம். 27 பேர் வந்தார்கள், ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை (ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது). கடைசி ஆறு பேரும் ஸ்ட்ரைக்அவுட். எதிரணியின் பாப் ஹெண்ட்லி பாவம், அவரும் ஒரே ஒரு ஹிட்தான் (பேட்டர் பந்தை அடித்து பேஸை எட்டுவது) கொடுத்தார். ஆட்டத்தின் ஒரே ரன் அந்த ஹிட்டில் வந்ததும் இல்லை: டாட்ஜர்ஸின் லூ ஜான்சன் வாக் வாங்கினார் (பிட்சர் நான்கு பந்து குறி தவறினால் முதல் பேஸ் இலவசம்), அடுத்தவர் பந்தை மெல்லத் தட்டிவிட்ட பண்ட் மூலம் இரண்டாவது பேஸுக்குப் போனார், மூன்றாவதைத் திருடினார் (யாரும் அடிக்காமலே ஓடிப் பிடித்தார்), கேட்சர் எறிந்த பந்து தவறிப் போனதும் ஓடி வந்துவிட்டார். அவ்வளவுதான், 1-0.

மதக் காரணத்துக்காக உலகத் தொடர் ஆட்டத்தையே விட்டாராமே?

ஆமாம், 1965-இல், சாம்பியனைத் தீர்மானிக்கும் அந்தத் தொடரில். கோஃபாக்ஸ் யூதர். முதல் ஆட்டம் யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூரில் வந்தது, ஆடவில்லை. பதிலாக எறிந்த டான் டிரைஸ்டேல் 8-2 என்று தோற்றார். இரண்டாவது ஆட்டத்தில் கோஃபாக்ஸும் தோற்றார். ஆனால் ஐந்தாவதிலும் ஏழாவதிலும் எதிரணியான மின்னசோட்டாவுக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஏழாவதை ஆடியது இரண்டே நாள் ஓய்வில். கர்வ்பால் (வளைந்து இறங்கும் பந்து) அன்று சரியாக விழவில்லை. பெரும்பாலும் ஃபாஸ்ட்பாலை வைத்தே முடித்தார். பெர்ஃபெக்ட் கேமைவிட இதைத்தான் நான் மேலே வைப்பேன்.

அப்படிப்பட்டவர் 1966-இல் 27 வெற்றி எடுத்த கையோடு ஏன் விலகினார்?

முழங்கை. மூட்டுவாதம் என்று டாக்டர் ராபர்ட் கெர்லன் சொல்லிவிட்டார். ஆட்டத்துக்கு முன் மிளகாய்க் காரம் சேர்ந்த கேப்சோலின் களிம்பைத் தேய்ப்பார்கள், முடிந்ததும் கையை ஐஸ் தண்ணீரில் முக்கிவைப்பார், நடுவில் கார்ட்டிசோன் ஊசி, மாத்திரை. இதோடு 1965-இல் 335 இன்னிங்ஸ், 1966-இல் 323 (பேஸ்பாலில் மூன்று அவுட் ஆனால் ஓர் இன்னிங்ஸ், ஓர் அணிக்கு ஆட்டத்தில் ஒன்பது). இன்றைய பிட்சர் ஒரு வருடத்தில் 200 இன்னிங்ஸ் எறிந்தாலே பெரிய விஷயம். பேஸ்பாலை விட்ட பிறகும் வாழ நிறைய வருடங்கள் இருக்கின்றன, அப்போதும் கை வேண்டும் என்பதுதான் நவம்பரில் அவர் சொன்ன காரணம்.

டாமி ஜான் அறுவை சிகிச்சை அப்போது இருந்திருந்தால்?

எல்லோரும் கேட்பது. டாக்டர் ஃபிராங்க் ஜோப் அதை முதலில் செய்தது 1974-இல், டாமி ஜானுக்கு. அவரும் டாட்ஜர்ஸின் இடது கை பிட்சர்தான். ஆனால் அது முழங்கையில் அறுந்த தசைநாருக்கான சிகிச்சை, கோஃபாக்ஸுக்குச் சொன்னது மூட்டுவாதம். 'இருந்திருந்தால்' என்று கணக்குப் போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

பெர்ஃபெக்ட் கேமைப் பார்க்க முடியுமா?

கேட்கலாம். ஒன்பதாவது இன்னிங்ஸின் ரேடியோ வர்ணனை கிடைக்கிறது, வர்ணனையாளர் வின் ஸ்கல்லி. ஸ்கோர் தெரிந்திருந்தாலும் பரவாயில்லை, ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். நடுநடுவே மணி என்ன என்பதையும் சொல்லிக்கொண்டே வருவார்.