சீன அரச குடும்பத்துப் பழைய ஜேடைட் (பச்சை ஜேட் கல்) நகை என்று சொல்லி விற்கிறார்கள். உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கல் அசலா என்பதைக் கண்டுபிடித்துவிடலாம். அரண்மனையிலிருந்து வந்ததா என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது. சிங்கப்பூரில் பழைய நகைகளை மதிப்பிடும் வேலையில் சில வருடம் இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இந்த வகை நகைகளில் உச்சம் என்று சொல்லப்படுகிற ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஹட்டன்-மெதிவானி மாலை. 27 பச்சை மணிகள், சுமார் 15 மில்லிமீட்டரிலிருந்து 19 மில்லிமீட்டர் வரை, நடுவில் பெரிதாகி ஓரத்தில் சிறுத்துப் போகும். மாணிக்கமும் வைரமும் பதித்த கொக்கி, பிரெஞ்சு நகை நிறுவனமான கார்ட்டியே செய்தது. 2014 ஏப்ரலில் ஹாங்காங் சதபீஸ் ஏலத்தில் ஏறத்தாழ 2.74 கோடி அமெரிக்க டாலருக்குப் போனது. வாங்கியதும் கார்ட்டியேதான். அதே மாலை 1988இல் 20 லட்சம் டாலர், 1994இல் 42 லட்சம் டாலர்.

இந்த மாலையின் பூர்வீகத்தில் எது உறுதி? 1933இல் வுல்வொர்த் கடைச் சொத்தின் வாரிசான பார்பரா ஹட்டன், அலெக்சிஸ் மெதிவானியைக் கல்யாணம் செய்தபோது அப்பா கொடுத்த பரிசு இது. அதற்குப் பிறகு யார் கைக்குப் போனது என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. அதற்கு முன்னால்? மணிகள் சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் வம்சத்தின் அரண்மனையிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஊகம். அவ்வளவு பெரிய, அவ்வளவு சீரான பச்சை வேறு எங்கே இருந்திருக்கும் என்ற நியாயமான ஊகம்தான், ஆனாலும் ஊகம். இன்னொரு வேடிக்கை, மாலையின் பெயரில் இருக்கும் 'இளவரசர்' மெதிவானியின் பட்டமே அந்தக் குடும்பம் ஜார்ஜியா நாட்டை விட்டு வந்த பிறகு தாங்களாகச் சூட்டிக்கொண்டது. பிள்ளைகளிடமிருந்து பட்டத்தை வாரிசுரிமையாகப் பெற்ற ஒரே தகப்பன் நான்தான் என்று அலெக்சிஸின் அப்பாவே கிண்டலாகச் சொன்னதாகக் கேள்வி. ஆக, உலகத்தின் விலை உயர்ந்த ஜேடைட் மாலைக்கே நிலைமை இதுதான். உங்களிடம் விற்க வந்தவர் என்ன தாள் காட்டப் போகிறார்?

அரண்மனைச் சரக்கு வெளியே வந்தது என்னவோ நிஜம். 1912இல் அரசாட்சி போன பிறகும் கடைசிப் பேரரசர் பூயி 1924 வரை பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) அரண்மனைக்குள்தான் இருந்தார். அந்தக் காலத்தில் அவரும் எடுத்து வெளியே அனுப்பினார், அரண்மனை ஊழியர்களும் கிடைத்ததைக் கடத்தினார்கள். 1928இல் சிங் வம்சத்துப் பேரரசி சீஷியின் கல்லறையைப் படையோடு போய் உடைத்துக் கொள்ளையடித்தார்கள். சீஷிக்கு ஜேடைட் பைத்தியம். அதனால் எந்தக் கடைக்காரர் எந்தக் கதை சொன்னாலும் பொருந்தித் தொலைக்கும். அதுதான் சிக்கலே.

பொருந்தாத கதைகளைக் கழிக்க ஒரு வழி உண்டு. சீனர்கள் ஆயிரக்கணக்கான வருடமாகக் கொண்டாடிய ஜேட், நெஃப்ரைட் என்ற வேறு கல். பளீர் பச்சை ஜேடைட், வடக்கு மியான்மரின் கச்சின் பகுதியிலிருந்து யுனான் வழியாக அதிக அளவில் சீனாவுக்குப் போகத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டில்தான். மீன்கொத்தியின் இறகு நிறத்தை வைத்து ஃபெய்சுயி என்று பெயர் வைத்தார்கள். இரண்டும் வெவ்வேறு கனிமம் என்று பிரெஞ்சு வேதியியலாளர் டாமூர் பிரித்துச் சொன்னதே 1863இல். ஆகவே அதற்கு முந்தைய அரச வம்சங்களின் பெயரைச் சொல்லி 'மிங் அரசியின் ஜேடைட் வளையல்', 'தாங் காலத்து ஜேடைட் மோதிரம்' என்று யாராவது ஆரம்பித்தால் தாராளமாக எழுந்து வந்துவிடலாம்.

அப்புறம் சான்றிதழ். ஆய்வகம் 'ஜேடைட், ஏ வகை' என்று எழுதித் தந்தால், இயற்கையான கல், மேலே மெழுகு பூசியதைத் தவிர வேறு வேலை பார்க்கவில்லை என்று அர்த்தம். அதில் வயது இருக்காது, யார் அணிந்தது என்பதும் இருக்காது. விற்பவர் அந்தத் தாளை நீட்டிக்கொண்டே அரசியின் கதையைச் சொல்வார். கேட்கிறவர் மனதில் கதைக்கும் சேர்த்து முத்திரை விழுந்துவிடும். நல்ல தந்திரம்.

எனக்கே ஒருமுறை விழுந்தது. ஒரு சீனப் பாட்டி பச்சை வளையல் ஒன்றைக் கொண்டுவந்தார். கொள்ளுப்பாட்டி அரண்மனையில் தாதியாம், கிளம்பும்போது அரசி கழற்றிக் கொடுத்ததாம். அவர் சொன்ன விதத்தில், கருவியை எடுப்பதற்கு முன்பே மனதுக்குள் ஒரு பெரிய தொகை எழுதிவிட்டேன். கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் 1.66, ஜேடைட்தான். ஆனால் நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தட்டினால் மணி மாதிரி கணீரென்று வர வேண்டிய சத்தம், பிளாஸ்டிக் டம்ளரைத் தட்டியதுபோல 'டொக்' என்றது. லூப் என்ற சின்ன உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் மேற்பரப்பு முழுக்கச் சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகள். புற ஊதா விளக்கில் வெளிறிய நீலமாக ஒளிர்ந்தது. அமிலத்தில் ஊறப்போட்டு அழுக்கை எடுத்துவிட்டு ரெசின் என்ற செயற்கைப் பிசின் ஏற்றிய பி வகை. பிறகு இன்ஃப்ராரெட் சோதனையிலும் அதுவே உறுதியானது. இப்படி அமிலமும் ரெசினும் போட்ட கல் சந்தைக்கு வந்ததே 1980களில்.

"ஆன்ட்டி, கல் ஜேடைட்தான். ஆனா இந்த வளையலுக்கு உங்க மகன் வயசுகூட இருக்காது" என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்போ அசல் என் தங்கச்சிகிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டு வளையலைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்.